எட்டாவது கால்

குழி தோண்டும் வேலையில் ஒரு சௌகரியம் உண்டு, ஐயா. மூடிய பிறகு யாரும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை.

அண்ணன் வீட்டின் பின்புறம் சரிவான நிலம். அங்கே ஒரு மரத்தளம் போட்டு, மாலையில் காற்றாட உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. நான் தச்சன். வெளி ஆள் எதற்கு, நானே செய்கிறேன் என்றேன். மொத்தம் எட்டுக் கால்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கடிக் குழி. அடியில் ஜல்லி போட்டுக் கெட்டித்து, காலை நிறுத்தி, தூக்குக்குண்டு பிடித்து நேராக நிற்கிறதா என்று பார்த்து, கான்கிரீட் ஊற்ற வேண்டும்.

முதல் குழி இரண்டடி இறங்கியிருந்தபோது அண்ணன் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு குச்சியை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"என்னடா இது, பூனை பறிச்ச குழி மாதிரி இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"இவன்கிட்ட எதைக் குடுத்தாலும் பாதிதாங்க. படிப்பும் பாதி, கல்யாணமும் பாதி."

என் மனைவி என்னை விட்டுப் போனதை அவர் அப்படித்தான் சொல்வார். கடப்பாரையைக் கொஞ்சம் பலமாகப் போட்டேன், அவ்வளவுதான்.

அவர்கள் போன பிறகு அண்ணி களிம்பும் சுத்தமான துணியும் கொண்டுவந்து, என் உள்ளங்கைக் கொப்புளங்களுக்குத் தாமே கட்டுப் போட்டார்.

"அவர் வாய் அப்படி, தம்பி. மனசுல வச்சுக்காதீங்க."

ஏழு குழிகளை நான்கடிக்கு இறக்கினேன். எட்டாவது, தளத்தின் வெளி மூலை. கீழே இரண்டு ஆள் ஆழத்தில் கல் படிக்கட்டு. அங்கேதான் தன் நாற்காலி என்று அண்ணன் சொல்லியிருந்தார். அந்தக் குழியை இரண்டடியோடு நிறுத்தினேன். பாறை தட்டியது என்று நேற்று விசாரணையில் உங்களிடம் சொன்னேன். பாறை இல்லை, வெறும் ஈர மண். காலின் அடியில் இரண்டடி அறுத்து, ஜல்லி இல்லாமல் நிறுத்தி, மண்ணைத் தள்ளி, மேலே மட்டும் விரற்கடை கனத்துக்குச் சிமெண்ட் பூசினேன். பார்வைக்கு எட்டும் ஒன்றுபோல இருந்தன. கடவுளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும்.

மூன்று மாதம் அண்ணன் அங்கே உட்கார்ந்தார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு வாரம் விடாத மழை. மழை விட்ட மாலை, நான் கீழே குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். மூலைக் கால் சாய்ந்திருந்தது தெரிந்தது. மேலே அண்ணனும் அண்ணியும் பேசும் குரல்.

"இன்னிக்கு நீ உக்காரு. காலையிலேருந்து நின்னுட்டே இருக்கே. இங்கதான் நல்லா காத்து வரும்."

"ஆடுற மாதிரி இருக்குங்களே?"

"தம்பி ஊனின காலு. யானை ஏறினாலும் அசையாது. அவன் வேலைன்னா வேலைதான்."

ஐம்பது வயதில் முதல் தடவையாக அண்ணன் வாயால் அதைக் கேட்டேன். 'எழுந்திருங்க அண்ணி' என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். அப்புறம் அவர் சொன்ன வார்த்தை என்ன ஆகும்? குழாயை மூடினேன். விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். நான்காவது விரலுக்கு வந்தபோது மரம் பிளக்கும் சத்தம் கேட்டது. அண்ணி கத்தக்கூட இல்லை.

மழைதான் அண்ணியைக் கொண்டுபோயிற்று என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்லி அழுகிறார். என் வேலையில் குறை சொல்ல அவருக்கு இன்னும் வாய் வரவில்லை.

மற்ற ஏழு கால்களையும் நீங்களே அசைத்துப் பாருங்கள், ஐயா. அண்ணன் சொன்னது பொய்யில்லை.