நாற்பத்தொன்றாம் எண் கோட்டு

பழைய மழைக்கோட்டு வாங்கப் போனால் முதலில் அக்குளைப் பாருங்கள் மேடம். எல்லோரும் காலரைத்தான் பார்ப்பார்கள். பொத்தானை உருட்டிப் பார்ப்பார்கள், கண்ணாடி முன்னால் நின்று பக்கவாட்டில் திரும்பிக்கொள்வார்கள். கோட்டு முதலில் சாவது அக்குளில். நாலா பக்கத்துத் தையலும் அங்கேதான் வந்து முட்டுகிறது, வேர்வையும் அங்கேதான் தேங்குகிறது. அந்த இடத்தில் துணி வெடிக்காமல் இருந்தால் அந்தக் கோட்டு வாங்குகிறவரைவிட அதிக நாள் இருக்கும்.

இதைக் கேட்கவா உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்கிறீர்கள். முகத்தில் தெரிகிறது. ஆனால் நடந்தது எல்லாம் ஒரு கோட்டுக்குள் நடந்தது. கோட்டை விட்டுவிட்டு அதைச் சொல்ல எனக்குத் தெரியாது. எழுதுகிறவரை மெதுவாகவே எழுதச் சொல்லுங்கள். எனக்கு அவசரம் எதுவும் இல்லை. களைப்புதான் இருக்கிறது.

நான் வேலை பார்த்தது பழைய மழைக்கோட்டுகளை வாங்கி, பழுது பார்த்து விற்கிற கடை. முன்னறையில் கண்ணாடியும் கோட்டு மாட்டிய கம்பிகளும். பின்னறையில் நீள மேசை, ஒரு குழாய், மெழுகு உருக்குகிற அடுப்பு, நான். கடைக்காரரை அக்கா என்று கூப்பிடுவேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. வேதியியல். மூன்று வருடம் மூலக்கூறு படித்தவளுக்குக் கிடைத்த வேலை, செத்தவர்களின் கோட்டுக்கு மெழுகு தேய்ப்பது. அதைப் பற்றிப் புலம்ப நான் வரவில்லை. வேலை எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது விற்கிற மழைக்கோட்டு வெறும் பிளாஸ்டிக் தாள். ஒரு மழைக்காலம் தாங்கினாலே பெரிது. பழையது அப்படியில்லை. விரல் நகம்கூட நுழையாத நெருக்கமான பருத்தி, இரண்டு அடுக்கு, நடுவே மெல்லிய ரப்பர். இல்லாவிட்டால் மெழுகு ஊறிய துணி. கொம்பில் செய்த பொத்தான், அது பிய்ந்து வராதபடி பின்னால் இன்னொரு குட்டிப் பொத்தான். மூச்சு விட அக்குளில் பித்தளைத் துளைகள். ஊசி போன இடமெல்லாம் ஓட்டைதானே? ஒரு கோட்டில் ஆயிரக்கணக்கான ஓட்டை. அதை அடைக்கத் தையல் நெடுக உள்பக்கமாக ஒரு விரல் அகலத்துக்குப் பட்டி ஒட்டியிருப்பார்கள், கையால். கோட்டின் உயிர் அந்தப் பட்டியில் இருக்கிறது. போட்டுக்கொள்கிறவர் கண்ணில் அது படவே படாது.

இதில் பாதி எனக்குக் கடைக்கு வருவதற்கு முன்பே தெரியும். கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் அப்படியொரு கோட்டைப் போட்டுக்கொண்டுதான் போனேன். எனக்குப் பெரிது. கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொள்வேன். கூடப் படித்தவர்கள், “ஏய், கோட்டு தனியா நடந்து வருது, உள்ள ஆள் இருக்கான்னு பாருங்கடி” என்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கும்போது அவர்கள் நோட்டெல்லாம் ஊறியிருக்கும். என் நோட்டில் ஒரு சொட்டு விழுந்ததில்லை.

அப்பாவைப் பற்றிக் கேட்டீர்கள். அப்பா ஒரு கிடங்கின் வாசல் காவலாளி. காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை லாரி வரும்போது கதவைத் திறக்க வேண்டும், போனதும் மூட வேண்டும். கூண்டு கிடையாது, கூரை கிடையாது. ஐந்து வருடத்துக்கு ஒரு மழைக்கோட்டு கொடுப்பார்கள். காலருக்குப் பின்னால் கறுப்பு மையில் எண் குத்தியிருக்கும். அப்பாவுடையது நாற்பத்தொன்று. மேலாளர் ஒரு பதிவேடு வைத்திருப்பார். கோட்டைத் தொலைத்தால் அடுத்த ஐந்து வருடம் முடிகிறவரை வேறு கிடையாது.

நான் முதலாம் ஆண்டில் இருந்தபோது அப்பாவின் கோட்டு தொலைந்துபோனது. அப்பாவே போய்ச் சொன்னார். மேலாளர் எல்லோர் முன்னாலும், “நனைஞ்சா என்னய்யா, நீ என்ன சர்க்கரையா, கரைஞ்சு போறதுக்கு?” என்று கேட்டாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். அன்று சாயங்காலம் அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே மேலாளரின் குரலில் அதை எங்களுக்குச் சொல்லிக் காட்டினார். அப்பாவுக்கு மற்றவர் மாதிரிப் பேசிக்காட்டுவது நன்றாக வரும். அம்மா சிரிக்கவில்லை. நான் படித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று மழைக்காலம் அப்பா உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு அந்த வாசலில் நின்றார். மூன்றாவதில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. என் தேர்வு முடிவு வருவதற்குப் பதினொரு நாள் முன்னால் போய்விட்டார். அதே வளாகத்துப் பண்டக அறையில் அடுத்த முறை கொடுப்பதற்கான புதுக் கோட்டுகள் கட்டுக்கட்டாக இருந்தன. லாரியிலிருந்து அதை இறக்கி வைத்தவர் அப்பாதான். பூட்டின சாவி மேலாளரிடம். இதை நீங்கள் தனியாகக் கோடு போட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்த மேலாளர் போன மாதம் கடைக்கு வந்தார்.

ஓய்வு பெற்று, இளைத்து, கையில் தடியோடு வந்தார். கிடங்கு வாசலில் பார்த்த முகம், நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். அவர் என்னைக் கண்டுகொள்ளவில்லை. எனக்கு அப்பா ஜாடை என்று எல்லோரும் சொல்வார்கள். பன்னிரண்டு வருடம் தினமும் காலையில் அந்த முகம்தான் அவருக்குக் கதவு திறந்துவிட்டது. அதை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. அக்கா சரக்கு வாங்க வெளியே போயிருந்தார். நான்தான் காட்டினேன்.

மெழுகுத் துணி, கம்பளி உள்துணி, தோளில் இரட்டை மடிப்பு. எங்களிடம் வந்ததிலேயே நல்ல கோட்டு அது. அவர் முன்னாலேயே சோதித்துக் காட்டினேன். தோள்பக்கத்தை வாளி மேல் குழிவாக விரித்து, மூன்று செம்பு தண்ணீர் ஊற்றி, அடியில் செய்தித்தாளைப் போட்டு, ஒரு மணி நேரம் வைத்தேன். அவர் அதுவரை நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறாராம். வருகிற வாரம் மலைக்குப் போகிறாராம். பஸ் நிற்கிற இடத்திலிருந்து மேலே தங்கும் விடுதிவரை ஐந்து மணி நேர நடை, தனியாக. ஆள் கூட வந்தால் வாயாடியே நடையைக் கெடுத்துவிடுவார்களாம். தாளை எடுத்துக் கொடுத்தேன். தடவிப் பார்த்தார். உலர்ந்திருந்தது.

“இந்த மாதிரி சரக்கு இப்ப யாரும்மா செய்றா?” என்றார். “எங்க கிடங்குல வாட்ச்மேனுங்களுக்கே இப்படித்தான் குடுத்தோம். ஒருத்தன் தொலைச்சுட்டேன்னு வந்து நின்னான். வித்துத் தின்னுட்டான், வேலைய விட்டு எடுங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் எடுக்கல. தொலைஞ்சதுன்னே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.”

“பெரிய மனசு சார்” என்றேன்.

“அட, அது தொலையலம்மா. எனக்குத் தெரியும். ஒரு நாள் கார்ல போறப்ப பாத்தேன். காலேஜ் பஸ் ஸ்டாப்புல ஒரு பொண்ணு அதைப் போட்டுக்கிட்டு நிக்குது. கையை ரெண்டு மடிப்பு மடிச்சு விட்டிருக்கு. நெஞ்சோட நோட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு. படிக்கிற புள்ளைன்னு விட்டுட்டேன். அவன்கிட்டகூட கேட்டுக்கல. இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல, உங்கிட்டதான் சொல்றேன்.”

நான் கோட்டின் கையைப் பிடித்து நீளம் அளந்தேன். அரை விரல் குறைக்க வேண்டும், சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

என் கோபம் பழைய கோபம் மேடம். பல வருடமாக இருந்தது. ஆனால் அன்று மத்தியானம்வரை அது வெறும் கோபமாகத்தான் இருந்தது. தெரிந்திருக்கிறது அவருக்கு. தெரிந்தும் மூன்று மழைக்காலம் ஒரு மனுஷனை வாசலில் நிற்க வைத்திருக்கிறார். பண்டக அறையைத் திறந்து ஒன்றை எடுத்து வீசியிருக்கலாம் இல்லையா? அப்படிப்பட்டவர் அதை ஒரு உபகாரக் கதையாகக் கடையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கலாமா?

வேலை எளிது. மெழுகுக் கோட்டைச் சோப்புத்தூளில் போடக் கூடாது. கடையில் முதல் பாடம் அது. நான் போட்டேன். வெந்நீரில் இரண்டு முறை. மெழுகு நுரையாகிக் குழாயடியில் போனது. கோட்டின் கறுப்பு மங்கித் தெரியாமல் இருக்க மேலுக்கு மட்டும் ஷூ பாலிஷ் தேய்த்தேன். உள்துணியை ஒரு ஓரம் பிரித்து, தோள், முதுகு, அக்குள் மூன்று இடத்திலும் பட்டியைக் கிழித்து எடுத்தேன். திரும்ப ஒட்டினேன், சுவரொட்டி ஒட்டுகிற மாவுப் பசையில். காய்ந்தால் கல் மாதிரி நிற்கும். அரை மணி நேர மழையில் கஞ்சியாகிவிடும். கம்பளி தண்ணீர் குடித்தால் என்ன எடை இருக்கும், உடம்புச் சூட்டை எப்படி உறிஞ்சும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பட்டம் வீண் போகவில்லை.

சனிக்கிழமை வந்தார். போட்டுப் பார்த்தார். கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்தார்.

“உள்ள ஸ்வெட்டர் ஒண்ணு போட்டுக்கவா?”

“வேண்டாம் சார், வேர்த்துக் கொட்டும்.”

“குடை?”

“குடை பிடிச்சா இந்தக் கோட்டுக்கு அவமானம் சார். நீங்க என்ன சர்க்கரையா, கரைஞ்சு போறதுக்கு?”

விழுந்து விழுந்து சிரித்தார். இதே பேச்சைத் தானும் பேசியிருப்பதாக நினைவே இல்லை. இருந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அவர் மலை ஏறிய அன்று முழுக்க மழை. பாதையோரப் பாறையில் உட்கார்ந்த வாக்கில் கண்டெடுத்தார்கள். எல்லாப் பொத்தானும் போட்டிருந்ததாம். குளிரில் விறைத்துப்போனார் என்று எழுதினார்கள். எங்கள் கடை வேலையில் குறை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து அவர் மகள் அந்தக் கோட்டை ஒரு பையில் கொண்டுவந்து கொடுத்தாள். “வீட்டுல வச்சுக்க முடியலக்கா. தூக்கிப் போடவும் மனசு வரல. ஆசையா வாங்கினாரு. நீங்களே வச்சுக்குங்க” என்றாள். என் வயதுதான் இருக்கும். அவள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.

அவள் போனதும் அக்கா பழக்க தோஷத்தில் கையை அக்குளுக்குள் விட்டார். எடுத்த விரலைப் பார்த்தார். முகர்ந்தார். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார்.

“மாவு” என்றார். “யார் வேலை இது?”

“என் வேலைதான்.”

கோட்டை மேசைமேல் விரித்துப் போட்டார். “எவ்வளவு நல்ல கோட்டுடி அது” என்றார். பிறகு போனை எடுத்து உங்கள் ஸ்டேஷனுக்குப் பேசினார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கோட்டைக் கெடுத்ததற்கு மட்டும் அவரிடம் மன்னிப்புக் கேட்டதாக எழுதிக்கொள்ளுங்கள்.

நான்தான் செய்தேன். தெரிந்து, நிதானமாக, மூன்று நாள் எடுத்துச் செய்தேன். அப்பாவுக்காகச் செய்தேன். அதற்கு மேல் வேறு காரணம் தேட வேண்டாம். கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அதை ஏன் மேசைமேல் வைக்கிறீர்கள்? ஆமாம், என் அறையில் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்ததுதான். காலரைத் திருப்ப வேண்டாம். நாற்பத்தொன்று. மை மங்கினாலும் படிக்க முடியும், அந்தக் காலத்து மை. கையை விரித்துப் பார்க்கிறீர்கள். அந்த இரண்டு மடிப்புத் தடம் எத்தனை துவைத்தாலும் போகவில்லை.

இது யாருடைய கோட்டு என்று கேட்கிறீர்கள்.

அது தொலைந்துபோன கோட்டு மேடம். பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது.