ஒன்பது வருஷமா ஒரே வார்த்தை

ஹலோ... ஹலோ, அகராதி ஆபீஸா? மிஸ்டர் பென்ஹாலோ இருக்காரா?... ஓ, நீங்கதானா சார். நான் ஈனிட் ஆஷ்பி. லயனலோட மனைவி... ஆமா, ஆமா, அதே லயனல்தான்... இல்ல இல்ல, நல்லாத்தான் இருக்காரு. மாடியில அகராதிச் சீட்டு அடுக்கிட்டிருக்காரு. நான் படிக்குக் கீழ உட்கார்ந்து பேசறேன், அதான் மெதுவா... கேக்குதா?

சார், அவரை விட்டுடுங்க...

வேலையிலேர்ந்துதான்! வேற எதுலேர்ந்து?... ஒன்பது வருஷம் சார். 'ரன்'னு ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் எழுதறாரு... பெரிய வார்த்தையா? எனக்குத் தெரியாதா, அதுகூடத்தானே குடித்தனம் பண்றேன்! குதிரை ஓடினா ரன். மூக்கு ஒழுகினா ரன். கடை நடத்தினா ரன், துணியில சாயம் போனா ரன். அமெரிக்காக்காரன் தேர்தல்ல நின்னாக்கூட ரன்னாம், நிக்கிறவனுக்கு என்ன சார் ஓட்டம்?... கப்பல்ல கொள்ளையடிக்க வந்த வைக்கிங்காரன் கொண்டு வந்தானா, அதுக்கு முன்னாடியே இங்கிலாந்துல இருந்துச்சான்னு ஒரு குளிர்காலம் முழுக்க... ரெண்டும் கலந்துடுச்சா? ஆமா, ஆமா, சொன்னாரு. சாப்பிடும்போது சொன்னாரு. தூக்கத்துலயும் சொன்னாரு.

சாப்பாட்டு மேஜை போச்சு. குளிக்கிற தொட்டி நிறைய சீட்டு அடைச்ச ஷூ டப்பா. பின்கதவைத் திறக்க முடியல, ஆத்துத் தண்ணி ஓடற 'ரன்' சீட்டெல்லாம் அங்கதான் அடுக்கியிருக்கு... சிரிக்காதீங்க சார்!

எங்க பொண்ணு ஹில்டா ஆஸ்திரேலியாவுல, டாஸ்மேனியாவுல இருக்கா. இந்த வார்த்தை முடிஞ்சதும் அவகிட்டயே போய் இருந்துடலாம்னு வாக்குக் கொடுத்தாரு. பேத்திக்கு ஏழு வயசு. போட்டோவுலதான் பார்த்திருக்கேன். வர்ற பதினாலாம் தேதி கப்பல், ரெண்டு டிக்கெட் எடுத்தாச்சு. இப்ப போய் இன்னும் முடியலைங்கறாரு. நீங்க போதும்னு சொன்னா...

இருங்க சார், மாடியிலேர்ந்து கூப்பிடறாரு... என்னங்க?... கத்தரிக்கோலா? ஜன்னல்கிட்ட பாருங்க!... போன்ல யாருமில்ல, கறிக்கடைலேர்ந்து!

சொல்லுங்க சார்... என்னது?... 'ரன்' முடிஞ்சிடுச்சா?... எப்போ?... ஈஸ்டருக்கா? இப்ப செப்டம்பர் சார்!... விருந்து வேற வச்சீங்களா... அந்த வெள்ளிக் கடிகாரம் நீங்க கொடுத்ததா? சர்ச் குலுக்கல்ல விழுந்துச்சுன்னாரே...

அப்ப மாடியில என்ன அடுக்கறாரு?... அடுத்த வார்த்தையா, 'செட்'டா... நீங்க கொடுத்தீங்களா?... ஓ. அவரே வந்து கேட்டாரா... கெஞ்சினாரா.

ம்... ம்... அதுக்கு எத்தனை அர்த்தம்?... நூத்துக்கணக்குலயா.

எனக்கு அறுபத்தாறு வயசு சார்.

இல்ல, அழல... வேண்டாம், அவரைக் கூப்பிடாதீங்க. உங்க மேல கோபமும் இல்ல. எனக்கு ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. பதினாலாம் தேதி நான் கிளம்பறேன்... ஆமா, தனியாத்தான். அவர்கிட்ட நான் சொல்லப் போறதில்ல. இருபதாம் தேதி வாக்குல நீங்களே போன் பண்ணி, வீட்டுல பொண்டாட்டி இல்லன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க...

எதுக்கா? அதுவரைக்கும் கவனிச்சிருக்க மாட்டாரு சார்... வச்சிடறேன்.