சீதனக் கிணற்றுத் தண்ணீர்

புத்தூரிலிருந்து யாழ்ப்பாணம் போகும் காலை பஸ்ஸில், என் முன் இருக்கையில் அரசாங்க அலுவலகத்துக் கந்தோர்க்காரர் ஒருவர் மடியில் தண்ணீர்ப் போத்தலோடு இருந்தார். பக்கத்தில் இரசாயனம் படிப்பிக்கும் வாத்தியார் ஒருவர்.

"சீதனமாத் தந்த கிணறு பிழையெண்டு மாமாவுக்கு எப்பிடிச் சொல்லுறது, மாஸ்டர்?" என்று கந்தோர்க்காரர் கேட்டார். நான் பத்திரிகையை விரித்தபடியே வாசிப்பதை நிறுத்தினேன்.

"கிணத்திலை என்ன பிழை?"

"வீட்டு மீன்தொட்டித் தண்ணியைப் பாக்க நீங்கள் தந்த சிவப்பு லிட்மஸ் கடதாசியை அதிலை தோய்ச்சனான். நீலமாப் போச்சு. கிணத்துத் தண்ணியிலை தோய்ச்சன். அதுவும் நீலம்."

"அது காரத்தன்மை, தம்பி. இஞ்சை நிலத்துக்குக் கீழை முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு. எந்தக் கிணத்திலை தோய்ச்சாலும் நீலந்தான். மீன் செத்ததோ?"

"இல்லை. குஞ்சும் போட்டிருக்கு."

"பிறகென்ன?"

"என்ரை மனிசியிட்டை, 'உங்கடை வீட்டுக் கிணறு சரியில்லை' எண்டு சொல்லிப்போட்டன். மூண்டு நாளா என்னோடை கதைக்கிறாவில்லை."

"உம்மடை அம்மா வீட்டுத் தண்ணியைத் தோய்ச்சுப் பாத்தனீரோ?"

"அதை ஏன் பாக்கவேணும்? அது நான் குடிச்சு வளர்ந்த தண்ணியெல்லோ."

வாத்தியார் சிரிக்கவில்லை. "அப்ப உந்தப் போத்தலுக்கை என்ன?"

"அம்மா வீட்டுத் தண்ணிதான். நேற்று மனிசி போய் அள்ளிக்கொண்டு வந்து, ஒரு சொல்லும் பறையாமல் என்ரை கண்ணுக்கு முன்னாலை தோய்ச்சவ."

"என்ன நிறம்?"

கந்தோர்க்காரர் போத்தலின் மூடியை இன்னும் இறுக்கினார்.

"கடதாசி பழசெண்டு சொல்லிப்போட்டன். உங்களிட்டை வேறை கடதாசி இருக்கோ, மாஸ்டர்?"