அம்மா இல்லாத புத்தகம்

– கோழி புக்கும் வேணாம்க்கா. எடுத்து வெச்சிடுங்க.

– இன்னாது, இதுவும் வேணாமா? நல்லாப் பாரு டீச்சரம்மா. கலரு கலரா ஷோக்கா கீது. பக்கத்துக்கு ஒரே வரிதான், எயுத்து குண்டு குண்டா கீது. நேத்துதான் பார்சல் வந்துச்சு.

– கோழி மட்டும்னா எடுத்துப்பேன். பின்னாலயே ஆறு குஞ்சு வருதே. ஒவ்வொரு பக்கத்துலயும் ‘அம்மா, அம்மா’ன்னு கூப்பிடுது. எங்க ஹோம் பிள்ளைங்களுக்கு இது வேணாம்.

– சரி வுடு. மாட்டு புக்கு?

– கன்னுக்குட்டி இருக்கு.

– பூனை?

– குட்டிய வாயில கவ்விட்டுப் போகுது.

– தோ, கங்காரு! வெளிநாட்டு மிருகம். நம்ம புள்ளைங்க பாத்தே இருக்காது.

– அக்கா, அது வயித்துலயே குட்டிய வெச்சிருக்கு.

– அட, ஆமா. நான் இத்தினி நாளா அத்தத் தொப்பைன்னு நெனைச்சிகினு இருந்தேன்.

– மிஸ், நான் இந்த ரயில் புக்கு பாக்கட்டுமா மிஸ்?

– பாரு பட்டு. கை சுத்தமா இருக்கா? பக்கத்த மடக்கக் கூடாது.

– பாத்தியா, கொயந்தையே எடுத்துக் குடுத்துடுச்சு. ரயிலு! உள்ள யாரு கீறாங்கோ? டிரைவரும் கார்டும்தான். இத்தச் சேத்து வெக்கட்டா?

– குடு பட்டு, மிஸ் ஒரு நிமிஷம் பாத்துட்டுத் தரேன். முதல் பக்கம் சரி. ரெண்டாவது சரி. ரயில்வே கேட்டு போடறாங்க, சரி... கடைசிப் பக்கம் பாருங்கக்கா. ஸ்டேஷன்ல யாரு நிக்கறா?

– பொடவை கட்டிகினு ஒரு பொம்பள.

– ரெண்டு கையும் நீட்டிட்டு நிக்கறாங்க. பையன் இறங்கி ஓடி வரான். யாருன்னு கீழ எழுதியே இருக்கு.

– கடசிப் பக்கத்தக் கிழிச்சிட்டு எடுத்துனு போயேன்.

– எங்க ஹோம நடத்தற பெரியம்மா விட மாட்டாங்க. ஹோமுக்கு யாரோ ஒருத்தர் டொனேஷன் குடுத்திருக்காரு. சின்னப் பிள்ளைங்களுக்குப் படப் புக்கு, எழுத்துக் கூட்டிப் படிக்கிற புக்கு, எல்லாம் சேத்து முப்பது வேணும். ‘செல்வமேரி, நீயே போய்ப் பொறுக்கிட்டு வா, சாயங்காலம் நான் ஒவ்வொண்ணாப் பாப்பேன்’னு சொல்லி அனுப்பியிருக்காங்க. இன்னும் பதினொண்ணுதான் தேறியிருக்கு. முடிச்சூர் பஸ் வேற நாலரைக்கு.

– காயி புக்கு, பழம் புக்கு, பஸ்ஸு புக்கு, சைக்கிள் புக்கு. இத்தயே முப்பது எடுத்துனு போனா புள்ளைங்க என்ன மார்க்கெட்டுக்கா போவப் போவுது? ஒரு கதை வேணாமா? தோ, இந்த நெலா புக்கப் பாரு. நான் பக்கம் பக்கமாப் பாத்துட்டேன். நெலா கீது, மரம் கீது, முயலு கீது. ஒரு மனுச ஜென்மம் கெடையாது.

– படத்துல இல்ல. எழுத்துல இருக்கு. ‘நிலாவைக் காட்டி அம்மா சோறு ஊட்டினாள்.’

– அட கடவுளே! எயுத்துக்குள்ள பூந்து ஒளிஞ்சிகினு கீறாளா? எனக்கு எயுத்து தெரியாது டீச்சரம்மா. பன்னண்டு வருசமா இந்தத் தாம்பரம் ஸ்டேசன் படிக்கட்டாண்ட புக்குக் கடை போட்டுகினு கீறேன், ஒரு வரி படிச்சதில்ல. படத்தப் பாத்துதான் விப்பேன். என் வூட்டுக்காரரு இருக்கசொல்ல அவரு படிச்சிச் சொல்வாரு. இப்ப நானே படத்தப் பாத்து கதை கட்டிச் சொல்லுவேன். அதுக்குன்னே சிலதுங்க வந்து குந்திக்கும்.

– அப்ப உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க. அம்மா இல்லாம ஒரு கதை இல்லியா இந்தக் கடையில?

– நீ கேக்கறது எனக்குப் பிரியுது. பெத்தவங்க இல்லாத புள்ளைங்க, பாத்தா ஏங்கிப்பூடும்ன்ற. ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. போன வாரம் ஏரோப்ளேன் புக்கு மட்டும் எட்டு வித்துச்சு. வாங்குனவங்கோ ஒருத்தராச்சும் ஏரோப்ளேன்ல ஏறிகிறாங்களா? மேல பறந்து போசொல்ல அண்ணாந்து பாக்கறதோட சரி. இல்லாதத்தப் பாக்கத்தானே புக்கு?

– ஏரோப்ளேன் இல்லன்னு எந்தப் பிள்ளையும் ராத்திரி படுக்கையில அழாதுக்கா.

– அதுவும் வாஸ்தவம்தான்... ஏம்மா, இந்தக் கொயந்த இன்னா, ரொம்ப நேரமா ஒரே பக்கத்தயே பாத்துகினு கீது?

– பட்டு, என்ன புக்கு அது?

– ஒண்ணுமில்ல மிஸ்.

– காட்டு.

– தலை பின்றாங்க மிஸ். செவப்பு ரிப்பன் கட்டறாங்க. அந்தப் பாப்பா கண்ணாடில பாக்குது.

– யாரு பின்றாங்க கண்ணு?

– ஒரு அக்கா.

– அக்காவா? நல்லாப் பாரு ராசாத்தி, அது அவுங்க அம்...

– அக்கா, போதும்! பட்டு, புக்க வெச்சிடு. வெச்சிடுன்னு சொல்றேன்ல? குடு இங்க!

– சரி மிஸ்.

– ...போ, அந்தப் படிக்கட்டுகிட்ட நின்னு ரயில் பாரு. கம்பிக்கு இந்தப் பக்கமே நிக்கணும். கீழ இறங்கக் கூடாது. மிஸ் கூப்பிட்ட அப்புறம் வா.

– இன்னாத்துக்கு இப்புடிப் புடுங்கற? கொயந்த மூஞ்சி சுண்டிப் போச்சு பாரு. அத்தினி புள்ளைங்க கீற ஹோமுன்ற, அது ஒண்ண மட்டும் ஏன் கூட்டினு வந்த?

– சும்மாதான். ஜுரம் விட்டு நாலு நாளாச்சு. காத்தாட நடக்கட்டும்னு.

– டீச்சரம்மா, எயுத்துதான் எனக்குத் தெரியாது. மூஞ்சி தெரியும். காலைலேர்ந்து ராவு வரைக்கும் இந்தப் படியில ஏறி எறங்கற மூஞ்சியத்தான் பாத்துகினு கீறேன். நீ புக்கப் படிக்கசொல்ல கீயுதட்டக் கடிச்சிக்கற. அந்தப் பொண்ணும் படம் பாக்கசொல்ல அதேமாரி கடிச்சிக்குது. காது மடலு ரெண்டு பேருக்கும் ஒரே அச்சு.

– மெதுவாப் பேசுங்கக்கா.

– மெதுவாத்தான் பேசறேன்.

– அவ்ளோ தெரியுதா? பாத்த உடனே தெரியுதா?

– எனக்குத் தெரிஞ்சிடுச்சு. எல்லாரும் என்னமாரி வேலையத்துப் போயி மூஞ்சியப் பாத்துகினா இருப்பாங்கோ?

– இப்ப அவளுக்கு அஞ்சு வயசு. வளர வளர இன்னும் தெரியும் இல்ல? பத்து வயசுல யார் பாத்தாலும் சொல்லிடுவாங்க. தினமும் அவளுக்கு எண்ணெய் வெச்சு வாரும்போது எனக்கு அதே நெனப்புதான். இன்னும் எத்தன வருஷம் தாங்கும்னு.

– குந்து. இந்தா, இந்த ஸ்டூலு மேல குந்து. தண்ணி குடி. ஏன் பெத்த புள்ளய அங்க வுட்ட?

– நான் விடல. பொறந்த அன்னிக்கே எங்க அண்ணன் தூக்கிட்டுப் போயிட்டாரு. திருநீர்மலை அடிவாரத்துல கெடந்துச்சுன்னு சொல்லி ஹோம்ல எழுதிக் குடுத்துட்டாரு. எனக்குக் கல்யாணம் ஆகலக்கா. பண்ணிக்கறேன்னு சொன்னவன் பம்மல்ல தோல் ஷாப்புல இருந்தான், விஷயம் தெரிஞ்சதும் ஊரை விட்டே போயிட்டான். நான் பேரு கூட வெக்கல. பட்டுங்கறது அவங்க வெச்ச பேரு.

– அப்புறம்?

– எந்த ஹோமுன்னு கண்டுபுடிக்கவே ஆறு மாசம் ஆச்சு. வீட்டை விட்டு வந்து, டீச்சர் ட்ரெயினிங் முடிச்சு, அங்கயே வேலை கேட்டுப் போய் நின்னேன். நான் உள்ள போன அன்னிக்கு அவ வெராண்டாவுல பிஸ்கட்டு வெச்சுட்டு உக்காந்திருந்தா. ரெண்டு வயசு. ‘மிஸ்ஸுக்கு குட்மார்னிங் சொல்லு’ன்னு ஆயா சொல்லிக் குடுத்தாங்க. சொன்னா. அன்னிலேர்ந்து நான் மிஸ்ஸு.

– மூணு வருசமாவா? அந்தப் பெரியம்மாகிட்ட நேரா போயிச் சொன்னா இன்னா? அவுங்களும் பொம்பளதானே?

– விதி இருக்குக்கா. அங்க யாருமத்த பிள்ளைங்க மட்டும்தான் இருக்கலாம். வேலை செய்யறவங்களோட சொந்தம்னு தெரிஞ்சா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிடுவாங்க. சமையல்காரம்மா பச்சையம்மா இருந்தாங்க. அவங்க பேத்திய அனாதைன்னு சொல்லி சேத்திருந்தாங்க. போன தீபாவளிக்கு அந்தப் பொண்ணு சாப்பாட்டு ஹாலுல எல்லார் முன்னாடியும் ‘எங்க பாட்டி’ன்னு ஓடிப் போய்க் கட்டிக்கிச்சு. மறுநாள் காலைல கேட்டாண்ட ரெண்டு பேரும் மூட்டையோட நிக்கறாங்க. பட்டுவும் அந்தப் பொண்ணும் ஒண்ணா வெளையாடுவாங்க. அவங்க போறத பட்டு ஜன்னல் வழியாப் பாத்துட்டே இருந்தா.

– கூட்டினு வெளிய வந்துடேன். படிச்சவ. எங்க போனாலும் ஒரு வேலை கெடைக்காதா?

– வேலை கெடைக்கும். பிள்ளையக் குடுப்பாங்களா? ரிஜிஸ்டர்ல அவ மலையடியில கெடந்த குழந்த. நான்தான் பெத்தேன்னு சொல்ல எங்கிட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்ல. ஆஸ்பத்திரியில கூட அண்ணன் வேற பேரு குடுத்திருக்காரு. நான் போயி இவ என் பொண்ணுன்னு நின்னா, பொய் சொல்லி உள்ள வந்தேன்னு என்னைத் தொரத்துவாங்க. அவள வேற ஹோமுக்கு மாத்துவாங்க. எந்த ஊருன்னு எனக்குச் சொல்லவா போறாங்க? வாயத் தொறந்தாலும் போச்சு. தொறக்காம இருந்தாதான் அவ பக்கத்துல படுத்துக்கலாம்.

– பேஜாருதான் போ. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவருதான். அதுக்கும் இந்தப் புக்குக்கும் இன்னா சம்பந்தம்?

– ஜூன் மாசம் கிளாஸுல ‘அ’ எழுத்துக்கு சார்ட்டு மாட்டினேன். அம்மா படம். எல்லாப் பிள்ளைங்களும் சத்தமாச் சொல்லிச்சு. இவ மட்டும் வாயத் தொறக்கல. படத்தையும் பாக்கல. என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தா. உடனே அந்தச் சார்ட்டக் கழட்டிட்டேன். அப்புறம் ஆணியடிச்சு ‘அ’வுக்கு அணில் மாட்டிட்டேன். பிள்ளைங்க மனசுக்காகன்னு பெரியம்மாகிட்ட சொன்னேன். எனக்காகத்தான்க்கா. அந்த வார்த்தைய அவ வாயால ஒரு தரம் கேட்டுட்டா, என்னால அங்க மிஸ்ஸா நிக்க முடியாது.

– அதுக்கு ஏதாச்சும் தெரியுமா?

– ஒண்ணும் தெரியாது. இப்பக் கூடப் பாத்தீங்கல்ல? படத்தப் பாத்து ‘ஒரு அக்கா’ன்னா. அம்மான்னா யாருன்னே தெரியாம வளத்து வெச்சிருக்கேன். பெத்த நானே.

– அழுவாத. அது இங்கயேதான் பாக்குது. இந்தா, முந்தானையால தொடைச்சிக்கோ. நான் ஒண்ணு சொல்றேன், கேளு. நீ அந்த வார்த்தையக் கேக்காம இருக்கலாம், அது உன் தலையெயுத்து. அதுக்குப் பாக்கக் கூட ஒண்ணு இருக்கக் கூடாதா? நீதானே தெனம் வாரி உடுற? அந்தப் படத்துல கீறத அது தெனம் பாத்துகினுதான் கீது. பேரு மட்டும்தான் தெரியாது.

– பெரியம்மா...

– பெரியம்மா முப்பது புக்குல இது ஒண்ணப் பாத்தா உன்னையா சந்தேகப்படுவாங்கோ? அம்மா படம் இல்லாத ஒரே ஹோமுன்னாதான் யாருக்கும் சந்தேகம் வரும். கோயி, மாடு, ரயிலு, எல்லாத்தையும் சேத்து எடு. முப்பது ஆயிடும். நாலரை பஸ்ஸையும் புடிச்சிடலாம்.

– பயமா இருக்குக்கா.

– பயந்து பயந்து காயி புக்கா வாங்கினு போய் இன்னா கண்ட?

– ...சரி. கோழி வைங்க. கங்காரு வைங்க. அந்த ரிப்பன் புக்கு எங்க?

– தோ, உன் கையிலயேதான் வெச்சிகினு கீற.

– பட்டு! வா இங்க. ரயில் பாத்தியா?

– பாத்தேன் மிஸ். பீச் ஸ்டேஷனுக்குப் போற வண்டி மூணு போச்சு மிஸ். உங்க கண்ணு ஏன் செவப்பா இருக்கு மிஸ்?

– தூசி. பழைய புக்கெல்லாம் தட்டினோமே, அதான். இங்க பாரு, நீ பாத்துட்டு இருந்தியே, இது. இதையும் எடுத்துக்கறேன். கிளாஸுல வெப்போம். நீ எப்ப வேணா எடுத்துப் பாக்கலாம். சரியா?

– இன்னா கண்ணு முயிக்கற? மிஸ்ஸே வாங்கித் தராங்கோ. சிரி பாப்போம்.

– வேணாம் மிஸ்.

– ஏன்டா? மிஸ் அப்ப திட்டினேன்னு கோவமா? இனிமே திட்ட மாட்டேன். உனக்கு இது புடிச்சிருக்குதானே?

– ரொம்பப் புடிச்சிருக்கு மிஸ்.

– அப்புறம் என்ன?

– அது டெய்லி கிளாஸுல இருந்தா, ஒரு நாளைக்கு நான் மறந்துபோய் பெரியம்மா எதிர்லயே உங்கள அம்மான்னு கூப்பிட்டுடுவேன்.