வசிஷ்டரின் கால் வட்டம்

– சொல்ல மாட்டேன் மாமா. கடைசி சீன்ல நான் வாயே தொறக்கப் போறதில்ல. நீங்க கை கூப்பி நின்னுகினே இருங்க.

– டேய் கோயிந்தா, வெளையாடாத. அந்த ஒரு வார்த்தைக்குத்தான்டா இந்த நாடகமே. வசிஷ்டர் வாயால விசுவாமித்திரர 'பிரம்மரிஷி'ன்னு கூப்பிட்டாத்தான் திரைய மூடுவாங்க. ஆயுத பூஜைன்னு கம்பெனியே குடும்பத்தோட வந்து ஒக்காந்திருக்குது. உங்கக்கா மொத வரிசையில இருக்கறா.

– மாதேஸ்வரியக்காவும் பாக்கட்டும். கட்டுன வீட்டுக்காரரு தம்பிய என்ன பாடு படுத்தறாருன்னு தெரியட்டும்.

– நான் என்னடா படுத்தினேன்?

– நேரா கேக்கறேன், நேரா சொல்லுங்க. மெஷின் ஷாப்புல மாட்டியிருக்கற திறன் போர்டுல என் பேருக்கு நேரா ஒரு வட்டம் இருக்குதா? மெஷின் ஓட்டத் தெரியும், ஒரு கால் வட்டம் கறுப்பு. செட்டிங் போடத் தெரியும், இன்னொரு கால். ரிப்பேரு தெரியும், மூணாவது கால். 'பிறருக்குக் கற்பிப்பார்'ங்கற நாலாவது கால் மட்டும் பால் வெள்ளையா இருக்குது. செக்‌ஷன் இன்சார்ஜ் யாரு? திம்மராயன். எங்க மாமா.

– அதுக்கு இதுதான் நேரமா? தாடியும் சடையும் வச்சுகினு நிக்கறப்பவா?

– இதுதான் நேரம். ஒண்ணாந்தேதி புது லைன் ஓடப்போவுது. முழு வட்டம் இருக்கறவந்தான் அதுக்கு லீடரு. பேருங்கள இன்னிக்கு சாயந்தரம் எச்.ஆர். பிரியா மேடம் மேலிடத்துக்கு அனுப்பிடறாங்க. இத விட்டா எனக்கு இன்னொரு லைன் எப்ப வரும்? நான் ரிட்டயர்டு ஆனப்புறமா?

– என்னால முடியாதுடா.

– முடியாதா, மனசு வல்லியா?

– முடியாதுன்னா முடியாது. அவ்ளோதான். மூணு மாசமா நெஜத் தாடி வளத்திருக்கேன்டா. சேப்டி ஆபீசரு தாடிக்கு ஒரு வலை குடுத்து மாட்டிக்கச் சொன்னாரு, மாட்டிகினேன். உங்கக்கா சோறு போடறப்ப 'சாமியாருக்கு இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டுமா'ங்கறா. எல்லாத்தையும் பொறுத்துகினேன். நீ கடைசில வாய மூடிகினு நின்னீன்னா...

– உங்களுக்காவது சொந்தத் தாடி. எனக்கு மெஷின் தொடைக்கற பஞ்சு. மூச்சு விட்டா ஆயில் நாத்தம். வசிஷ்டரு பக்கத்துல வந்தா காமதேனு மெரண்டு ஓடும்.

– காமதேனு எங்க ஓடறது? மேடை பாத்துக்கற அக்பர் பாஷா அத சாமான் இழுக்கற பேலட் டிரக்கு மேல நிக்க வச்சிருக்காரு. விமல்ராஜ் இழுத்தாத்தான் நகரும்.

– இழுக்கறப்ப வீலு கிறீச்சுங்குது மாமா. எண்ணெ போடலாம்னா பாஷா பாய் விடல. 'மாடு கத்தறதுக்கு தனியா ஆள் வேணாம்பா, அப்படியே இருக்கட்டும்'ங்கறாரு.

– சிரிக்கறியே. அப்ப சொல்லுவ?

– சிரிக்கறது வேற, சொல்றது வேற. நெனச்சுப் பாருங்க. விசுவாமித்திரரு ராஜாவா இருந்தவரு. நாட்ட விட்டாரு, சோத்த விட்டாரு, ஆயிரம் வருசம் ஒத்தக் கால்ல நின்னாரு. பிரம்மாவே எறங்கி வந்து பட்டம் குடுத்தாரு. அப்பவும் என்ன சொன்னாரு? வசிஷ்டர் சொல்லட்டும்னாரு. என் கதையும் அதேதான். எம்.டி. வந்து முதுகுல தட்டிட்டுப் போனாரு. என்ன புண்ணியம்? உங்க பேனா எறங்கல. வேஷத்த மாத்திக் குடுத்துட்டாங்க மாமா. நெஜத்துல நீங்கதான் வசிஷ்டரு, நாந்தான் விசுவாமித்திரன்.

– தத்துவம் பேசினது போதும். தாடி தொங்குது, இழுத்துக் கட்டு.

– என்னண்ணே, ரெண்டு ரிஷியும் இன்னும் இங்ஙனயே நிக்கீங்க? பாட்டு முடியப் போகுது. கமண்டலம் எங்க?

– ஆயில் கேன்தான பிரியா மேடம், இதோ இருக்குது. நல்ல நேரத்துல வந்தீங்க. எச்.ஆர்.ல நீங்கதான் எல்லா பைலும் பாக்கறீங்க. நேரா கேக்கறேன், நேரா சொல்லுங்க. என் கால் வட்டத்த இவரு ஏன் நிரப்ப மாட்டேங்கறாரு?

– சொல்லாத பிரியா. மொதல்ல நாடகம் முடியட்டும்.

– சார், நீங்க இத்தன நாளா சொல்லாத சொல்லாதன்னீங்க, நானும் சொல்லல. இப்ப அவரே வாய் விட்டுக் கேக்காரு. கோவிந்தப்பன் அண்ணே, முழு வட்டம் இருக்கவங்கதான் அடுத்தவங்களுக்கு முழு வட்டம் போட முடியும். இவருக்கே முக்கா வட்டம்தான்.

– என்னது? இன்சார்ஜுக்கா?

– இன்சார்ஜ் ஷீட்டு போர்டுல வராது, ஆபீஸ் பைல்லதான் இருக்கும். அதான் உங்களுக்குத் தெரியல. முன்னாடி இருந்த பெரியவரு ரிட்டயர்டு ஆனப்ப ஆள் இல்லன்னு இவர உக்கார வச்சாங்க. அப்படியே ஆறு வருசம் ஓடிப் போச்சு.

– யோவ் மாமா! முக்கா வட்டத்த வச்சுகினா என்ன இந்த மெரட்டு மெரட்டினீங்க? கொஞ்சம் இருங்க, இவருக்கு யாரு போடணும்? எவன் போடாம வச்சிருக்கறது? சொல்லுங்க, நானே போயி கேக்கறேன்.

– வேணாம் கோயிந்தா.

– என்ன வேணாம்? எங்கக்கா வீட்டுக்காரரு வட்டத்த ஒருத்தன் அமுக்கி வச்சிருக்கறான், நான் சும்மா இருக்கணுமா?

– நாலாவது கால் 'பிறருக்குக் கற்பிப்பார்' இல்லையா? அதுக்கு இவர்கிட்ட கத்துகிட்ட ஒருத்தர், ஆமா, இவருதான் கத்துக் குடுத்தாருன்னு எழுதிக் குடுக்கணும். இவரு சொல்லிக் குடுத்தது எட்டு பேருக்கு. ஏழு பேரு ஒப்பந்த ஆளுங்க, வேலைய விட்டுட்டுப் போயிட்டாங்க. பெர்மனென்ட்ல இருக்கது ஒரே ஒருத்தர்தான்.

– யாரவன்?

– நீங்கதான்ணே. ஆறு வருசத்துக்கு முன்னாடி உங்க திறன் பாரத்துல 'யாரிடம் கற்றீர்கள்'ங்கிற கட்டத்துல 'சொந்த முயற்சி'னு எழுதி, கீழ கையெழுத்தும் போட்டிருக்கீங்க.

– ...மாமா.

– விடுடா.

– எனக்கு ஞாபகமே இல்ல மாமா. அப்ப... மாமன் தயவுல வந்தவன்னு கேன்டீன்ல பேசிகினு இருந்தானுங்க. அந்த ரோஷத்துல எழுதியிருப்பேன். அதுக்கப்புறம் ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? வீட்டுல, பஸ்ஸுல, கேன்டீன்ல, தெனம் மூணு வேள மூஞ்சியப் பாத்துகினு இருக்கறோம்.

– கேட்டு வாங்கினா அது பட்டமாடா? போயி ஒன்னோட எடத்துல நில்லு. சொல்லலன்னாலும் பரவால்ல. கை கூப்பி நின்னுகினே இருக்கறேன். எனக்குப் பழக்கந்தான்.

– பிரியா மேடம், இந்த வேஷத்த யாரு பிரிச்சுக் குடுத்தது?

– நாந்தான்ணே. பைலப் பாத்துட்டுத்தான் பிரிச்சேன். சாருக்காக நீங்க எழுதிக் குடுக்க வேண்டிய பாரம் கூட இந்தா, கையோட கொண்டாந்திருக்கேன். சரி சரி, பாட்டு முடிஞ்சு போச்சு. மொத சீனு, காமதேனு வருது, போங்க.

– பாரத்தையும் பேனாவையும் இங்க குடுங்க. அப்படியே பாஷா பாய்கிட்ட சொல்லி மாட்ட நிறுத்துங்க மேடம். கடைசி சீன மொதல்ல போட்டுடலாம். அதுவரைக்கும் என்னால தாங்க முடியாது.