நாலு மணி என்று காட்டிய ஃபோன்

எல்தோஸ்: உன் ஃபோனைக் கொஞ்சம் குடு அக்கா.

ஷோல்பான்: கையெல்லாம் மாவு. அப்பாவுக்கு ஏழாம் நாளு... உள்ள அத்தனை பேர் உக்காந்திருக்காங்க. இப்போ ஃபோன் எதுக்குடா?

எல்தோஸ்: சும்மாதான்.

ஷோல்பான்: சும்மா கேக்குற மூஞ்சியா இது? அந்த ஷெல்பெக் ரொட்டியை எண்ணெயில போடு. மடிச்சுப் போடாதே... நாள் பூரா கம்ப்யூட்டரைத் தட்டுற கைக்கு ஒரு ரொட்டி போடத் தெரியல.

எல்தோஸ்: இது நான் எப்பவோ குடுத்த பழைய ஃபோன்தானே? இன்னுமா வச்சிருக்கே?

ஷோல்பான்: பேசினா கேக்குது. அது போதாதா?

எல்தோஸ்: நாடு முழுக்க ஒரே நேரம்னு ஆக்கினாங்களே... நம்ம அல்மாத்தியில எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளினோமே. அப்போ இதுல என்ன பண்ணினே?

ஷோல்பான்: அது தானா மாறல. நானே கையால மாத்தி வச்சேன்.

எல்தோஸ்: மேல தெரியுற மணியை மட்டும் மாத்தியிருக்கே. உள்ளுக்குள்ள அது இன்னும் ஒரு மணி கூடுதலான பழைய கணக்குலயே இருக்கு.

ஷோல்பான்: இருந்துட்டுப் போகட்டும்.

எல்தோஸ்: அன்னிக்கு அப்பாவைப் பாக்க ஆஸ்பத்திரி வெப்சைட்ல நேரம் பதிஞ்சியே... எத்தனை மணின்னு காட்டிச்சு?

ஷோல்பான்: ஞாபகம் இல்ல.

எல்தோஸ்: அக்கா...

ஷோல்பான்: நான் தூங்கிட்டேன்டா. மூணு மணிக்குப் போக வேண்டியவ நாலு மணிக்குப் போனேன். மூணரைக்கே அவர் உயிர் போயிடுச்சு. எத்தனை தடவை சொல்றது? பெரியப்பாகிட்ட சொன்னேன், அத்தைகிட்ட சொன்னேன். நீயும்தான் கேட்டே... அவரைத் தூக்குறதுக்கு முன்னாடி, அத்தனை பேர் நடுவுல.

எல்தோஸ்: கேக்கல. கத்தினேன். 'அவர் கதவையே பாத்துக்கிட்டுக் கிடந்தார்னு நர்ஸ் சொல்றாங்க, உனக்குத் தூக்கம் கேக்குதா'ன்னு...

ஷோல்பான்: விடு. ரொட்டி கருகுது பாரு.

எல்தோஸ்: காலைல ஆஸ்பத்திரியிலேர்ந்து, அந்த வெப்சைட்டைச் செஞ்சு குடுத்த எங்க ஆபீஸுக்குப் புகார் வந்துச்சு. பழைய ஃபோன் வச்சிருக்கிற நாலைஞ்சு பேர் ஒரு மணி நேரம் பிந்தி வந்திருக்காங்களாம். மூணு மணிக்கு வர வேண்டியவங்களுக்கு வெப்சைட்ல நாலுன்னு தெரிஞ்சிருக்கு.

ஷோல்பான்: பாவம்.

எல்தோஸ்: ஏன்னு கேக்க மாட்டியா?

ஷோல்பான்: கேட்டா எனக்குப் புரிஞ்சிடப் போகுதாக்கும்.

எல்தோஸ்: ஆஸ்பத்திரி ஒரே ஊர்லதானே இருக்கு... அந்த ஊர் மணியை அப்படியே காட்டியிருக்கணும். வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரங்களுக்கும் அவங்க ஊர் மணி தெரியட்டும்னு, பாக்குறவங்க ஃபோன் சொல்ற கணக்குக்கு மாத்திக் காட்டுற மாதிரி ஒருத்தன் எழுதி வச்சிருக்கான். பெரிய புத்திசாலி.

ஷோல்பான்: நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்சிருப்பான்.

எல்தோஸ்: உனக்கும் நாலுன்னுதானே காட்டிச்சு? நீ தூங்கல. கொஞ்சம் முன்னாடியே போய் வாசல்ல நின்னிருப்பே...

ஷோல்பான்: அடுப்பைக் குறைடா. புகையுது.

எல்தோஸ்: அக்கா... அதை எழுதினவன் நான்தான்.

ஷோல்பான்: தெரியும்டா. அந்த வெப்சைட் உன் வேலைன்னு நீதானே முன்னாடி சொன்னே. ஆஸ்பத்திரி வாசல்ல நர்ஸம்மா என் ஃபோனை வாங்கிப் பாத்துட்டு, 'நேத்தும் ஒருத்தர் இப்படித்தான் வந்தார், எந்தப் படுபாவி இதைச் செஞ்சான்'னு திட்டினாங்க. என் தம்பின்னு சொல்ல வாய் வரல. நான் தூங்கினேன்னா ஊரு நாலு நாள் ஏசிட்டு மறந்துடும். நீ செஞ்சதுன்னா... ஆயுசுக்கும் உன்னை நீயே மன்னிக்க மாட்டே. அதான் தூங்கிட்டேன்னேன்.