மைல்ஸைக் காப்பாற்ற ஒரு கூறை

"மகளுக்கு மாப்பிள்ளை இன்னும் சரிவரேல்லை. ஆனா கூறைச் சீலை எடுக்க இவர் நாளைக்குச் சென்னைக்குப் போறார்."

வெள்ளவத்தையில் பஸ் ஏறி, எனக்கு முன் சீற்றில் உட்கார்ந்த அம்மா ஒருவர் தன் சிநேகிதியிடம் சொன்னது இது. சிநேகிதி முழுதாகத் திரும்பி அவரைப் பார்த்தார்.

"கூறை மாப்பிள்ளை வீட்டார் எல்லோ எடுக்கிறவை?"

"அவை வருமட்டும் மைல்ஸ் பொறுக்குமே? இவர் வேலையில இருக்கேக்க பிளேனில பறந்து பறந்து சேர்த்த பொயின்ற்ஸ். இந்த மாதத்துக்குள்ள ஒருக்காப் பறக்காட்டி எல்லாம் அழிஞ்சு போயிடுமாம்."

"அப்ப நீங்களும் போங்கோவன், சீலை பாக்க."

"மைல்ஸ் இவரின்ர பேரில. நான் பறந்து என்ன பிரயோசனம்? கடையில நிண்டு வட்ஸ்அப்பில காட்டுவார்."

பம்பலப்பிட்டியில் பஸ் வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றது.

"காப்பாத்தி என்ன செய்யப் போறியள்?"

"மகள் கலியாணம் முடிச்சுக் கனடாவுக்குப் போகேக்க அந்த மைல்ஸில சும்மா டிக்கெட் எடுக்கலாமெல்லே."

"கனடாவில ஆர் மாப்பிள்ளை?"

"அதைத்தான் தேடுறம்."

சிநேகிதி அவர் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார்.

"அப்ப அந்த எஞ்சினியர்ப் பெடியன்? சாதகம் நல்லாப் பொருந்தினது எண்டனீங்கள். மகளுக்கும் விருப்பம் எண்டனீங்கள்."

"ஓம், தங்கமான பெடியன். நாங்கள்தான் வேண்டாம் எண்டிட்டம்."

"ஏன்?"

"வீடு இஞ்ச பக்கத்தில, கிருலப்பனையில. அங்க ஓட்டோவில எல்லோ போறது."